கப்பல் பாலத்தில் காட்டிய கை

முந்திரிக்கொட்டையைத் தோலோடு சுடுகிற புகை எங்கிருந்தாவது வந்தால், எண்பது வயதான இந்த நாளிலும் என் இடது கை தானாகப் பின்னுக்குப் போகும். கடுக்கிற புகை அது, கண்ணைக் கரிக்கும், தொண்டையில் எண்ணெய்ப் பசை போல ஒட்டிக்கொள்ளும். பேத்திகள் முந்திரி வேண்டும் என்று அடம்பிடித்தால் கடையில் உடைத்து விற்கிற பருப்பை வாங்கிக் கொடுப்பேனே தவிர, கொட்டையை வீட்டு வாசற்படி ஏற விட்டதில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "எனக்கு ஆகாது" என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடித்திருக்கிறேன். எங்கள் குடும்பம் கப்பலேறுவதற்காகப் புதுச்சேரிக்குப் போய், ஊரைச் சுற்றிப் பார்த்த இரண்டு நாட்களும், அதற்கடுத்த ஒரு காலைப்பொழுதும் அந்த வார்த்தைக்குள் இருக்கின்றன. மாரியம்மன் மேல் பாரத்தைப் போட்டு அதை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாகூர் ஏரிக்குத் தெற்கே இருக்கிறது. ஏரிப் பாசனத்தில் நெல், கிணற்றடியில் கொஞ்சம் கரும்பு என்று நடந்த குடித்தனத்தில், அப்பா நாலு பேரில் கடைசிப் பிள்ளை. அவர் பங்குக்கு வந்த நிலம் ஒரு குடும்பம் சாப்பிடப் பற்றாது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆண்கள் சைகோனுக்குக் கப்பலேறிப் போவது வழக்கம், அப்பாவும் அப்படிப் போய் அங்கே துறைமுகக் கிடங்கு ஒன்றில் காவல் வேலையில் இருந்தார். யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம் லீவில் வந்தவர், "இந்த வாட்டி நாலு பேரும் ஒன்னாப் போறம்" என்றார். நாலு பேர் என்றால் அப்பா, அம்மா, என் அண்ணன் தணிகாசலம், நான். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஒன்பது. அப்பா முதலில் கப்பலேறியபோது எனக்கு ஐந்து வயது என்பதால் அவர் முகமே எனக்கு மறந்துபோயிருந்தது. பெட்டியோடு வந்து நின்ற மனிதரை "அப்பா" என்று கூப்பிட எனக்குப் பத்து நாள் பிடித்தது. கூப்பிட ஆரம்பித்த பிறகு அவரை விட்டு நகர மனசில்லை. வயலுக்குப் போனாலும் பின்னாலேயே போவேன்.

கப்பலேறுகிறவர்கள் "அம்மை குத்திக்கொள்ள" வேண்டும் என்பது சட்டம். ஊசியால் கையில் லேசாகக் கீறி மருந்து வைப்பார்கள். பிறகு அது பழுத்து, பொருக்கு உதிர்ந்து, வட்டத் தழும்பாக நிற்கும். எங்கள் தெருவுக்கே வந்து நாலு பேருக்கும் குத்தினார்கள். மூன்று பேர் கையில் தழும்பு விழுந்தது, என் கையில் விழவில்லை. ஏன் விழவில்லை என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

மூன்று வயதில் எனக்கு மணல்வாரி என்கிற தட்டம்மை போட்டதாம். உடம்பெல்லாம் செக்கச் சிவந்து, மூச்சு இழுத்துக்கொண்டு ஒரு வாரம் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேனாம். அம்மாவுக்கு மணல்வாரி, சின்னம்மை, பெரியம்மை என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது, எது வந்தாலும் வந்தது ஆத்தாதான். "இவ உன் புள்ள, இவ மேல உன் கையத் தவிர வேற கை படாம பாத்துக்கறன்" என்று வேண்டிக்கொண்டு, நான் கண் திறந்ததும் பழைய பெயரை மாற்றி மாரியம்மாள் என்று வைத்துவிட்டாள். ஆத்தா வந்து விளையாடிவிட்டுப் போன உடம்பில், அவள் பெயரைச் சொல்லி ஒரு மனிதர் ஊசியால் கீறினால் அம்மாவால் எப்படிப் பொறுக்க முடியும்? குத்தினவர் தெருக்கோடியைத் தாண்டுவதற்குள் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுதைப் போட்டுக் கீறின இடத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டாள்.

"அப்பாகிட்ட சொல்லாதடி. அவரு கப்பல் தண்ணி குடிச்சவரு, இதெல்லாம் அவருக்குப் புரியாது" என்றாள்.

குத்தியதற்கான சீட்டுதான் நாலு பேருக்கும் கையில் இருக்கிறதே, அது போதும் என்று அவள் நினைத்தாள். என்னைக் கேட்டால், அவள் அதை ஒளித்துச் செய்தாளே தவிர தப்பு என்று நினைத்துச் செய்யவில்லை.

சித்திரை மாதத்தில் ஒருநாள் விடியலில் மாட்டு வண்டி கட்டிப் புறப்பட்டோம். வெயில் ஏறியபோது பட்டணத்துக்கு வந்து ஒரு சத்திரத்தில் பெட்டியை இறக்கினோம். அப்பா துறைமுக ஆபீசுக்குப் போய்த் திரும்பி, கப்பல் இரண்டு நாள் தாமதம் என்று சொன்னார். அம்மா "சகுனம் சரியில்லயா?" என்று கேட்க, அப்பா சிரித்தார்.

"நல்லதாப் போச்சுன்னு நெனச்சிக்க. சைகோன் சைகோன்னு பறக்கறமே, சொந்தப் பட்டணத்த நீங்க பாத்திருக்கீங்களா? வாங்க, ரெண்டு நாளும் சுத்திக் காட்டறன்."

முதல் நாள் நாங்கள் பார்த்ததையெல்லாம் எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. பெரிய கடைத்தெரு, அதன் நடுவே மணிக்கூண்டு, ஊரை இரண்டாகப் பிரிக்கிற வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் மதில் உயர்ந்த மஞ்சள் வீடுகள். வாய்க்காலைத் தாண்டும்போது அப்பா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார், எங்களையும் சத்தம் போடாமல் நடக்கச் சொன்னார். கால் வலிக்கும் என்று அம்மாவுக்கு ஒரு "புஷ்புஷ்" வண்டி பேசினார். பின்னாலிருந்து ஆள் தள்ளுகிற நாற்காலி வண்டி அது. அம்மா ஏற மறுத்துவிட்டாள்.

"ஒரு ஆம்பள மூச்சு வாங்கித் தள்ளுவாரு, நான் சிலையாட்டம் ஒக்காந்துக்கினு வரணுமா? தேர்ல சாமிதான் அப்பிடி வரும்."

"சாமி எறங்கி நடந்தா எனக்கு எப்பிடிமா பொழப்பு நடக்கும்?" என்று வண்டிக்காரர் கேட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் கடைசி.

வெள்ளைக்காரர் வீட்டுச் சமையல்காரர் ஒருவர் கூடையில் நீள நீளமான ரொட்டிகளைச் செருகிக்கொண்டு போனார். "இன்னாப்பா அது, உலக்கையா?" என்றான் அண்ணன். "அங்க காலையில அதான்டா சோறு. சாப்பிடப் பழகிக்க" என்றார் அப்பா. சைகோனில் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் சொல்லி வைத்திருப்பதையும், நாங்கள் குடியிருக்கப்போகிற வீட்டுக்குப் பின்னால் ஆறு ஓடுவதையும், அங்கேயும் மாரியம்மனுக்குக் கோயில் இருப்பதையும் அவர் நடந்துகொண்டே சொல்லிக்கொண்டு வந்தார். கோயில் என்றதும் அம்மா முகம் மலர்ந்தது.

மாலையில் கப்பல் பாலத்துக்குப் போனோம். இரும்புக் கால்களை ஊன்றிக்கொண்டு கடலுக்குள் வெகுதூரம் நீண்ட பாலம் அது. கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். பாலத்திலிருந்து "சலங்கு" என்கிற தோணியில் இறங்கித்தான் அதற்குப் போக வேண்டும். பாலத்து முகப்பில் இருந்த ஒரு கொட்டகையை அப்பா காட்டினார்.

"இங்கதான் டாக்டரு ஒக்காந்திருப்பாரு. ஒவ்வொருத்தர் கையா தூக்கித் தழும்பப் பாத்துட்டு அப்புறந்தான் வுடுவாரு."

"சீட்டு இருக்கே, அது பத்தாதா?" என்றாள் அம்மா.

"சீட்டு யாரு வேணா வாங்கிடறாங்கன்னு இப்ப கையவே பாக்கறாங்களாம். நமக்கு இன்னா பயம்? நாலு பேரும் குத்திக்கிட்டமே."

அம்மா என் தோளைப் பிடித்தாள். அந்தப் பிடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அப்பா காட்டிய எதையும் அவள் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் மணக்குளத்து விநாயகர் சந்நிதியில் நின்றவள், அப்பா மூன்று முறை கூப்பிட்டும் நகரவில்லை. அப்போதாவது அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கோபிப்பாரோ, கோபித்து எங்களை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று அவள் பயந்தாள். நாலு வருஷம் தனியாக இருந்தவள். எனக்கும் பயம்தான். என் கையால் எல்லோருடைய பயணமும் நின்றுவிடும் என்று.

மறுநாள் காலையில் அப்பா கலங்கரை விளக்கத்தைக் காட்டக் கிளம்பினார். "நீங்க ரெண்டு பேரும் போங்க, இவளுக்குக் கால் நோவுது" என்று என்னைப் பிடித்து வைத்துக்கொண்டாள் அம்மா. அவர்கள் தலை மறைந்ததும் என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனாள். முந்திரி முற்றிய பருவம். ஒரு கிழவி ஓலைக் கூடையில் கொட்டைகளைக் குவித்து வைத்திருந்தாள். அம்மா ஒரு கை அள்ளியதும் கிழவி சொன்னாள்:

"பச்சக் கொட்டம்மா. தோலு எண்ண மேல பட்டா வெந்து கொப்புளிச்சிடும், புள்ள கையில குடுத்துடாத."

"தெரியும் ஆயா" என்றாள் அம்மா.

முந்திரித் தோப்பு உள்ள எங்கள் சீமையில் அது தெரியாதவர்கள் யார்? கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தாலே போதும். அந்த எண்ணெய் பட்ட இடம் கொப்புளித்து, உரிந்து, வட்டமாகத் தழும்பு விழும். அம்மை குத்தின தழும்பும் வட்டம்தானே என்று அம்மா யோசித்திருக்கிறாள்.

சத்திரத்துப் பின்கட்டில் வழிப்போக்கர்கள் சமைத்துவிட்டுப் போன அடுப்பொன்றில் தணல் இருந்தது. அதில் கொட்டைகளைப் போட்டாள். புகை கிளம்பியது. தோல் வெடித்து எண்ணெய் சீறியதும், துடைப்பக்குச்சி நுனியால் அதைத் தொட்டு எடுத்தாள். அண்ணன் கையில் தழும்பு இரண்டு என்பதால் எனக்கும் இரண்டு இடம். வைப்பதற்கு முன்னால் குச்சியை நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடித்து, "ஆத்தா, நீயே போட்டதா இருக்கட்டும்" என்றாள். பிறகு வைத்தாள். நான் கத்துவதற்குள் முந்தானையைச் சுருட்டி என் வாயில் கொடுத்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"பொறுத்துக்கடி கண்ணு. நாலு பேரும் ஒன்னாப் போவணும்னு ஒனக்கு ஆசைதான?"

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை யாரும் என்னிடம் வற்புறுத்தி வாங்கவில்லை, நானாகத்தான் ஆட்டினேன். இதை நான் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பழியும் இறந்துபோன ஒருத்தி மேல் போய்விடும்.

அன்று மாலை கடற்கரைக்குப் போனபோது கை முழுக்க ரவிக்கைக்குள் நெருப்பாகக் காந்தியது. கரையோரம் வரிசையாக நின்ற பெரிய கல்தூண்களை அப்பா காட்டினார். செஞ்சிக் கோயிலிலிருந்து கொண்டுவந்து நட்டவையாம், நடுவில் ஒரு துரையின் சிலை நின்றது. அம்மா தூணில் செதுக்கியிருந்த உருவங்களைத் தடவிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தூண மட்டும் பேத்துக்கினு வந்துட்டாங்களே, சாமி அங்க தனியா இன்னா பண்ணும்?" என்றாள்.

கடலை நன்றாகப் பார்க்கட்டும் என்று அப்பா என்னைச் சுவர் மேல் தூக்கி வைக்க வந்தார். அவர் விரல் பட்டதும் நான் கத்திக்கொண்டு விலகினேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"இன்னும் எங்கிட்ட கூச்சம் போவலயாடி ஒனக்கு?"

நான் ரவிக்கைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். அண்ணன், "இவ பெரிய மகாராணி, தொட்டா அழுக்காயிடுவா" என்று பழித்துக் காட்டினான். அப்பா அவனைத் தூக்கிச் சுவர் மேல் வைத்தார்.

மூன்றாம் நாள் காலையில் எனக்குக் காய்ச்சல். கொப்புளம் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து உடைந்து, கை முழங்கை வரை வீங்கியிருந்தது. அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்து "சுடுதே" என்றதற்கு, "நேத்து வெயில்ல சுத்தினது" என்றாள் அம்மா. ஊர் மாரியம்மன் கோயில் விபூதியை என் நெற்றியிலும் கையிலும் பூசி, நீளக்கை ரவிக்கையை மாட்டிவிட்டாள்.

கப்பல் வந்து தூரத்தில் நின்றிருந்தது. கொட்டகையில் வெள்ளைக்கார டாக்டரும் பக்கத்தில் தமிழ் பேசுகிற கம்பவுண்டரும் இருந்தார்கள். அப்பா கையைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அண்ணன் சட்டையைச் சுருட்டிக்கொண்டு பெருமையாகக் காட்டினான். அம்மாவுடையதைப் பார்த்தார்கள். என் ரவிக்கைக் கையை அம்மா பாதிவரைதான் தூக்கினாள். கம்பவுண்டர் மிச்சத்தைத் தூக்கியதும் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். என் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நெற்றியைத் தொட்டார், வேகமாக ஏதோ சொன்னார்.

"இந்தாம்மா, இது இன்னா புண்ணு?" என்றார் கம்பவுண்டர்.

"குத்தினதுங்க."

"ஒரு மாசத்துக்கு முன்னாடி குத்தினது இப்பிடியா இருக்கும்? நெசத்தச் சொல்லு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள்: வேப்பிலையால் கழுவியதை, முந்திரிக்கொட்டையை. "அவளுக்கு மூணு வயசுலயே ஆத்தா வந்துட்டாங்க சாமி, அதான்" என்றாள்.

"எது, பெரியம்மையா? ஒடம்புல வடு ஒன்னு கூட இல்லியே."

"மணல்வாரிங்க."

கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, திட்டவுமில்லை. ஓய்ந்துபோன குரலில் சொன்னார்: "அது வேற, இது வேறம்மா. தழும்பு இல்லன்னு வெறுங்கையக் காட்டியிருந்தா இங்கியே ஒரு குத்து குத்தி ஏத்தி வுட்டிருப்பம். தெனம் பத்து பேருக்கு அதான் செய்யறம். இந்தப் புண்ணோட, இந்தக் காய்ச்சலோட ஒரு கப்பல் சனத்துக்கு நடுவுல எப்பிடி ஏத்தறது?"

அப்பா கையிலிருந்த நாலு சீட்டுகளையும் மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு அம்மாவிடம், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். அவர் அடித்திருந்தால்கூட, பின்னாளில் சொல்லி அழ அம்மாவுக்கு ஒன்று இருந்திருக்கும்.

அந்தக் கப்பலில் போகாவிட்டால் அப்பாவுக்கு லீவு முடிந்து வேலை போய்விடும். என்னைத் தனியாக விட முடியாது. அண்ணனுடைய பள்ளிக்கூடமோ காத்திருக்காது. சனம் எங்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அம்மாதான் முடிவு செய்தாள்.

"நீங்க தணிகாவக் கூட்டிக்கினு போங்க. இவ புண்ணு ஆறினதும், மறுபடி குத்திக்கினு அடுத்த கப்பல்ல நாங்க வரம்."

அப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்து, புண்ணின் மேல் மெதுவாக ஊதினார். "நேத்து இது வலிச்சிதான் கத்தினியா? நான் வேற மாதிரி நெனச்சிட்டன்" என்றார். அண்ணன் சலங்கில் இறங்கப் போகும்போது திரும்பி, "நான் போய் வீட்டுக்குப் பின்னால ஆறு தெரியறாப்பல ஒனக்கு எடம் புடிச்சி வெக்கறன், அழாதடி" என்றான். அலையில் தோணி தூக்கிப் போட்டதில் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்துக் கையாட்ட அவனால் முடியவில்லை.

புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. மறுபடி குத்திக்கொண்டேன். இந்த முறை நன்றாகப் பழுத்துத் தழும்பும் விழுந்தது, அம்மா தினம் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தையில் வரச்சொல்லி அப்பா கடிதம் எழுதினார். தை வந்தபோது அம்மா மலேரியாவில் படுத்துவிட்டாள். அடுத்த கடிதத்தில் ஆவணியில் வாருங்கள் என்றிருந்தது. ஆவணியில் யுத்தம் மூண்டது, கப்பலில் குடும்பங்களை ஏற்றுவது குறைந்தது. பிறகு பிரான்சே இரண்டாக உடைந்து, புதுச்சேரி ஒரு பக்கமும் சைகோன் இன்னொரு பக்கமும் ஆகிவிட்டன என்றார்கள். கடைசியாக வந்த கடிதம் அண்ணன் கையெழுத்தில் இருந்தது. பாதிக்குப் பாதி பிரெஞ்சு. எங்கள் தெருவில் அதைப் படிக்க ஆளில்லாமல், பாகூர் வரைக்கும் எடுத்துப் போய் வாசித்துக் கேட்டோம். நன்றாக இருக்கிறோம் என்றுதான் இருந்தது. யுத்தம் முடிந்ததும் ஆபீஸ் ஆபீசாகக் கேட்டோம். இறந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை, இருக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை.

அம்மா வருஷம் தவறாமல் ஆடியில் ஆத்தாவுக்குக் கூழ் ஊற்றினாள். முந்திரிக்கொட்டையைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. கடைசியாகப் படுத்தபோது ஒருநாள் மதியம், தூங்குகிறாள் என்று நினைத்து விசிறிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே, "வெறுங்கையவே காட்டியிருக்கலாம்டி" என்றாள்.

அவளைக் குளிப்பாட்டிக் கிடத்திய பிறகு, பங்காளி வீட்டுப் பெண் குங்குமச் சிமிழோடு வந்து என் காதருகில் குனிந்தாள். "அக்கா, வெக்கலாமா, வேணாமா?" அத்தனை வருஷமும் அம்மா அழிக்காமல் வைத்துக்கொண்டிருந்த பொட்டு அது. கூடியிருந்த பெண்கள் என் வாயையே பார்த்தார்கள். "வையி" என்றேன். ஆத்தா பார்த்துக்கொள்ளட்டும் என்று அத்தனை பெரிய முடிவை நான் எடுத்தேன்.

போன மாதம் என் பேரன் காரில் புதுச்சேரிக் கடற்கரைக்கு அழைத்துப் போனான். நாங்கள் மாட்டு வண்டியில் வந்த வழியெல்லாம் அப்போது ஆளரவமற்ற சாலை, இப்போது வீடும் கடையும் வண்டியுமாக நகர முடியவில்லை. கப்பல் பாலத்தைப் புயல் கொண்டுபோய்விட்டது, சில இரும்புக் கால்கள் மட்டும் தண்ணீரில் நிற்கின்றன. கொட்டகை எங்கே இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சைகோன் என்ற பெயரையே மாற்றிவிட்டார்களாம். பெரியம்மை உலகத்திலேயே ஒழிந்துவிட்டதாம், அதற்குக் குத்துவதையும் நிறுத்திவிட்டார்கள் என்று பேரன் சொன்னான்.

எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்குப் போனவர்களுக்கெல்லாம் இலை போட்டுப் படைப்போம். அம்மாவுக்கு ஆண்பிள்ளை கிட்டத்தில் இல்லாததால் அவளுக்கு நான்தான் போடுகிறேன். அப்பாவுக்கு வெகுகாலம் போடவில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு இலை போட்டால் எவ்வளவு பெரிய பாவம்! விரல் விட்டு எண்ணி, அவருக்கு நூறு வயது நிரம்பிவிட்டது என்று உறுதியான வருஷம், அம்மா இலைக்குப் பக்கத்தில் ஒரு இலை விரித்துச் சோறு வைத்தேன்.

அண்ணனுக்கு இன்னும் போடவில்லை. அவன் என்னைவிட மூன்று வயதுதான் பெரியவன்.